விரலைத் தொடரும் கண்: ஒரு சிகிச்சையின் காகிதத் தடம்

"இந்தப் புள்ளியையே பார்த்துக்கிட்டு இருந்தா பழைய பயமெல்லாம் போயிடும்னு பொண்ணு சொல்றா. நெசமா தம்பி?"

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. கையில் பாதி செதில் சீவிய சங்கரா. ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்து வைத்த கைபேசி. கருப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஊர் கடலூர் சாலைப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வியாபாரத்துக்காக விடியுமுன்பே கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார், பிழைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த மாமியாரைக் கடல் கொண்டுபோனது. இருபது ஆண்டுகள் கடந்தும், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று காதில் விழுந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது விடியும் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

"என்ன நடந்துச்சுன்னு கேட்டா எனக்கு வாய் வராது. சொல்லாமலே போவும்னா நல்லதுதானே? நீ பழைய காகிதமெல்லாம் தேடுறவன். பார்த்துச் சொல்லு."

இந்த ஊருக்கு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. மார்க்கெட்டை ஒட்டி ஓடும் தெருவுக்கே ஆனந்த ரங்கப்பிள்ளையின் பெயர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், 1748-ல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோது மக்கள் பட்ட கலக்கமும் பதிவாகியிருக்கிறது. மீன்கார அக்காவின் கலக்கத்துக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. அவர் கேள்விக்காவது காகிதத்தில் பதில் கிடைக்குமா என்று தேடத் தொடங்கினேன். அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது, அது செய்வதாகச் சொல்லப்படுவதைச் செய்கிறதா, நம் கரைக்கு அது தேவைப்பட்ட நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்ற மூன்றும்தான் நான் பின்தொடர்ந்த தடங்கள்.

முதல் தாள்

தடத்தின் தொடக்கத்தில் இருப்பது 1989-ல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் ட்ரமாட்டிக் ஸ்ட்ரெஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் ஃபிரான்சின் ஷபிரோ. 1987-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்கள் திடீரென்று வலுவிழந்ததை உணர்ந்தார் அவர். அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இங்குமங்கும் அசைந்ததையும் கவனித்தார். பிறகு வேண்டுமென்றே அசைத்துப் பார்த்தார். தெரிந்தவர்களிடம் செய்து பார்த்தார். இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கதை இதுதான்.

கட்டுரையில் உள்ளவர்கள் 22 பேர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்கள், சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், தாக்கப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அமர்வு. நினைவு தரும் வேதனையை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன் சராசரி 7-ஐத் தாண்டியிருந்தது. பின்பு ஏறக்குறைய பூஜ்யம். கண்ணை அசைக்காமல் நினைவை விவரிக்க மட்டும் வைக்கப்பட்டவர்களிடம் இந்த இறக்கம் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது என்கிறது கட்டுரை.

எண்ணைப் பார்த்ததும் அதை எடுத்தவர் யார் என்று தேடினேன். ஆவணம் தேடுகிறவனின் பழக்கம் அது. சிகிச்சை தந்தவரும் ஷபிரோ. பலனைக் கேட்டுக் குறித்துக்கொண்டவரும் ஷபிரோ. சிகிச்சை தருபவரே எதிரில் உட்கார்ந்து "இப்போது எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்வார்கள். ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் செய்து பார்த்தாக வேண்டும்.

1991-ல் ஷபிரோ தன் முறைக்கு இ.எம்.டி.ஆர். (கண் அசைவு வழி உணர்வுத் தணிப்பும் மறுசெயலாக்கமும்) என்று பெயரிட்டார், 1995-ல் விரிவான நூல் எழுதினார். அதற்குள் முறை எட்டுக் கட்டமாக வளர்ந்திருந்தது. கைபேசித் திரையில் ஓடும் புள்ளியோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். முதலில் வந்தவரின் வாழ்க்கை வரலாறு கேட்கப்படுகிறது. அடுத்தது தயாரிப்பு: பதற்றம் மிஞ்சினால் மனதை எப்படி நிலைக்குக் கொண்டுவருவது என்று கற்றுத் தருகிறார்கள். அதன் பிறகே அந்த ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் காட்சி தன்னைப் பற்றித் தனக்குள் சொல்லும் வாக்கியம் எது, அது உடம்பில் எங்கே உறைக்கிறது என்று கேட்கிறார்கள். மீன்கார அக்காவிடம் அந்த வாக்கியம் தயாராக இருக்கிறது: "நான் வூட்ல இருந்திருக்கணும்." உறைக்கும் இடம் நெஞ்சுக்குழி.

இத்தனைக்கும் பிறகுதான் விரல். சிகிச்சையாளர் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, முகத்துக்கு ஓர் அடி தள்ளி இரண்டு விரல்களை இடம் வலமாக அசைக்கிறார். வந்தவர் அந்தக் காட்சியை மனதில் வைத்தபடி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் விரலைத் தொடர்கிறார். இருபத்து நான்கு முறை போல அசைந்ததும் விரல் நிற்கிறது. மூச்சு வாங்கச் சொல்லி, "இப்போது என்ன வருகிறது?" என்று மட்டும் கேட்கிறார்கள். வந்ததை வைத்து அடுத்த சுற்று. வேதனை தணிந்ததும், பழைய வாக்கியத்தின் இடத்தில் "அன்று என்னால் முடிந்ததைத்தான் செய்தேன்" போன்ற ஒன்று மனதில் பதிய உதவுகிறார்கள். உடம்பில் இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, வந்தவர் நிதானத்துக்குத் திரும்பிய பிறகே அனுப்புகிறார்கள். அடுத்த அமர்வு சென்ற அமர்வின் பலனைக் கேட்பதில் தொடங்குகிறது.

எதிர்த் தரப்பின் தாள்கள்

1995-ல் அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு ரோசன், பூங்காக் கதையையே கேள்விக்கு உட்படுத்தினார். நடக்கும்போது கண் இயல்பாக அசையும் விதம் அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. அதைக் கவனித்ததாகச் சொல்வது நம்பும்படி இல்லை என்பது அவர் வாதம். 1996-ல் ராஜர் பிட்மன் குழுவினர் வியட்நாம் போர் வீரர்களிடம் இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள்: ஒன்றில் கண் அசைந்தது, மற்றதில் ஒரே இடத்தில் நிலைத்தது. இரண்டிலும் பலன் ஏறத்தாழ ஒன்றே. 2001-ல் டேவிட்சன், பார்க்கர் இருவரும் 34 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது. அதில் கண் அசைவு கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை என்றது அவர்கள் முடிவு.

12 ஆண்டுகள் கழித்து இந்த முடிவுக்கு மறுப்பு வந்தது. 2013-ல் கிறிஸ்டோபர் லீ, பிம் குய்பர்ஸ் இருவரும் 26 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, கண் அசைவால் மிதமான கூடுதல் பலன் உண்டு என்று காட்டினார்கள்.

இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: சிகிச்சைக்கு வந்தவர்கள் தேறியிருக்கிறார்கள். எதனால் தேறினார்கள் என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கைத் தொடர்ந்து போனபோது, 1999-ல் ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்டு மெக்நாலி எழுதிய ஒரு கட்டுரை என்னை 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸுக்கு அழைத்துப் போனது. இ.எம்.டி.ஆர். பரவிய விதத்தை அவர் மெஸ்மரின் 'காந்த' சிகிச்சையோடு ஒப்பிட்டிருந்தார்.

பாரிஸில் ஒரு தோட்டம்

பிரெஞ்சுத் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் 1784-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று இந்தத் தேடலில் நான் மிகவும் மதிக்கும் ஆவணம். மனித உடலில் ஓடும் ஒரு காந்தத் திரவத்தைக் கையசைவால் ஒழுங்குபடுத்தி நோய் தீர்ப்பதாக மெஸ்மர் சொல்லிவந்தார். உண்மையா என்று கண்டறிய மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழு அமைத்தார். வேதியியலாளர் லவோய்சியே, வானியலாளர் பாய்யி, அப்போது அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆகியோர் அதில் இருந்தார்கள்.

ஃபிராங்க்ளின் தங்கியிருந்த பாஸி வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்தை மெஸ்மரின் சீடர் தெலோன் 'காந்தமேற்றினார்'. 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். அந்த மரத்துக்குக் காந்தம் ஏற்றப்படவே இல்லை. பையன் நடிக்கவில்லை, மயக்கம் மெய். மரம்தான் காரணமில்லை. பலனையும் அதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்கும் முறை இங்கே வடிவம் பெற்றது. கண்ணை அசைத்தும் அசைக்காமலும் பிட்மன் செய்து பார்த்ததற்கு முன்னோடி பாஸித் தோட்டம்தான்.

இந்தத் தடத்தில் ஓர் இந்தியரும் வருகிறார். 1756-ல் கோவாவின் காண்டோலிமில் பிறந்த பாதிரியார் ஜோசே குஸ்தோதியோ டி ஃபாரியா. 1813-ல் பாரிஸில் அவர் பொதுமக்கள் முன்னால் வகுப்பு நடத்தினார். எதிரில் இருப்பவரைத் தன் உள்ளங்கையை உற்றுப் பார்க்கச் செய்து, மெல்ல அருகே கொண்டுபோய், "தூங்கு" என்பார். பலர் தூக்கம் போன்ற நிலைக்குப் போனார்கள். மற்றவர்கள் காந்தத்தை நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தன்னிடமிருந்து எந்தச் சக்தியும் பாயவில்லை, நடப்பதெல்லாம் வந்தவரின் மனதுக்குள்தான் என்று ஃபாரியா வெளிப்படையாகச் சொன்னார். 1819-ல் அவர் நூல் வெளியானது. அதே ஆண்டு இறந்தார். பனாஜியில் 1945-ல் நிறுவப்பட்ட அவர் சிலை இன்றும் இருக்கிறது.

மெஸ்மரின் திரவம் சோதனையில் தோற்றது. மெக்நாலியின் ஒப்பீட்டை ஏற்றால் கண் அசைவும் தோற்றிருக்க வேண்டும். ஆனால் அடுத்த தாள்கள் வேறு கதை சொல்கின்றன.

நினைவுக்கு இடம் போதாமை

1997-ல் ஆண்ட்ரேட், கவானா, பேட்லி ஆகிய மூவரும் நோயாளிகளை விட்டுவிட்டு, சாதாரண மனிதர்களிடம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மனதில் ஒரு காட்சியை வைத்துக்கொண்டு கண்ணை அசைக்கச் சொன்னால் காட்சியின் தெளிவும், அது எழுப்பும் உணர்ச்சியும் குறைந்தன. மனம் ஒரு நேரத்தில் கையாளக்கூடியது கொஞ்சம்தான். மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவே கணக்குப் போட முயல்பவருக்கு எண்கள் நழுவுவதைப் போல, கண் விரலைத் தொடரும்போது காட்சி நழுவுகிறது. மங்கிய அந்த வடிவிலேயே நினைவு திரும்பப் பதிகிறது என்பது விளக்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். காதில் மாறி மாறி ஒலிக்கும் ஓசையை விடக் கண் அசைவு கூடுதலாக உதவுகிறது என்றும் காட்டினார்கள்.

மனதை நிரப்பும் வேறு வேலைகளும் ஓரளவு இதைச் செய்கின்றன. 2009-ல் எமிலி ஹோம்ஸ் குழுவினர், கோரமான படக்காட்சி ஒன்றைப் பார்த்தவர்களைச் சிறிது நேரத்தில் டெட்ரிஸ் ஆட வைத்தபோது, அந்தக் காட்சி பின்னால் தானாக வந்து தாக்குவது குறைந்தது. 2019-ல் 'நேச்சர்' இதழில் தென்கொரிய ஆய்வாளர்கள் எலிகளைப் பற்றி எழுதினார்கள். பயத்தை எழுப்பும் ஒலியோடு இடம் வலமாக மாறும் ஒளியையும் காட்டியபோது எலிகளின் பயம் தணிந்தது, நெடுநாள் திரும்பவில்லை. பார்வையைத் திருப்பும் மூளைப் பகுதியிலிருந்து பயத்தை ஆளும் பகுதிவரை போகும் ஒரு நரம்புப் பாதையையும் அவர்கள் காட்டினார்கள்.

ஆகவே கண் அசைவுக்கு ஒரு பங்கு உண்டு; அதற்கு மந்திர விளக்கம் தேவையில்லை. ஆனால் எல்லாச் சோதனைகளுக்கும் ஒரு நிபந்தனை பொது. பயந்த நினைவு மனதில் விழித்திருக்க வேண்டும். நினைவைத் தொடாமல் வெறுமனே புள்ளியைப் பார்ப்பதால் கண் களைப்பதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. நினைவைத் தொட்டுவிட்டாலோ, அது மிஞ்சிப் போகும் நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

நம் கரையின் தாள்கள்

மூன்றாவது தடம் நம் ஊருக்கு வருகிறது. 2004 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் சுமார் 600. அதில் மிகப் பெரும்பங்கு காரைக்காலில். புதுச்சேரி நகரைக் கடற்கரைச் சாலையின் கல் தடுப்பு காத்தது. தடுப்பு இல்லாத குப்பங்களுக்குள் கடல் நுழைந்தது.

உயிர்களையும் படகுகளையும் வீடுகளையும் எண்ணிய கணக்குகள் ஏராளம். மனதை எண்ணிய தாள்களில் முக்கியமானது 2007-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த ஒரு கட்டுரை. சென்னையின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஆய்வு அது. தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் வயது வந்தோரில் 12.7 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் இருந்தது. பெண்கள், காயம்பட்டவர்கள், வருமானம் முற்றிலும் நின்றுபோன வீட்டார் ஆகியோரிடம் அது கூடுதலாகத் தெரிந்தது.

இவர்களுக்கு என்ன கிடைத்தது? இ.எம்.டி.ஆர். பேரிடர்க் களத்துக்கு வந்த வழி துலக்கமாகத் தெரிகிறது. மெக்சிகோவில் 1997-ல் பாலின் சூறாவளி அடித்த பிறகு, அகபுல்கோவில் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்த லூசினா அர்ட்டிகாஸ், விரலும் சிகிச்சையாளரும் ஆளுக்கொன்று இல்லாத இடத்துக்காக ஒரு வழி கண்டார். குழந்தை தன் கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இரண்டு தோள்பட்டைகளையும் மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்ளும். 1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்துக்குப் பிறகு கூடார முகாம்களில் இந்தச் சிகிச்சை தரப்பட்டது. 2006-ல் அதன் ஆய்வறிக்கை வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை ஆலோசகர்களுக்கு அளித்த பயிற்சி பற்றி நான்சி எர்ரெபோவும் உடன் பணியாற்றியவர்களும் 2008-ல் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது 2009-ல் கிளாடியா கத்தானி குழுவினர் எழுதியது. இலங்கையின் வடகிழக்கு. போரையும் பார்த்து, கடலையும் பார்த்த பிள்ளைகள் 31 பேர்; வயது 8 முதல் 14. அலை வந்த சில வாரங்களிலேயே, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அமர்வு தந்தார்கள். ஒரு பாதிப் பேர் தங்கள் வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். பயங்கரம் வந்த இடத்தில் நின்று, நிதானமாக அதைச் சொல்லிக் கடந்தார்கள். மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை.

இந்த இடத்தில்தான் என் தேடலின் திசை மாறியது. கண் அசைத்தவர்களும் தேறினார்கள். கதை சொன்னவர்களும் தேறினார்கள். மூச்சைக் கவனித்தவர்களும் தேறினார்கள். எல்லாத் தாள்களிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அவர்கள் மொழி தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு முறையோடு எதிரில் உட்கார்ந்தார், மறுவாரமும் வந்தார்.

தமிழ்நாட்டுத் தாள்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ராஜ்குமார், பிரேம்குமார், தர்யன் ஆகியோர் நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் மக்களோடு குழுவாகப் பேசி 2008-ல் எழுதினார்கள். முறையான மனநலச் சேவைகளை விடத் தங்கள் உறவையும் ஊரையும் வழிபாட்டையுமே மக்கள் பெரிதாக மதித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டு லட்சுமி விஜயகுமார், 1986-ல் தான் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் அனுபவத்தில் நின்று, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவை இழந்தவர்களுக்குத் தந்த ஆதரவை மதிப்பிட்டு எழுதினார். அந்த ஆதரவு உதவியது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று நம் கரையெங்கும் குப்பத்து மக்கள் ஊர்வலமாகப் போய்க் கடலில் பாலூற்றிப் பூத்தூவுகிறார்கள். எல்லோருமாக, குறித்த நாளில், பாதுகாப்பாக நினைவைத் தொடுவது அது. அதுவே பலரைத் தாங்கியிருக்கிறது.

ஆனால் அந்த 12.7 சதவீதத்தில் சிலருக்கு ஊர்வலம் மட்டும் போதவில்லை. மீன்கார அக்கா ஆண்டுதோறும் பூத்தூவுகிறவர்தான். புயல் கூண்டு ஏறும் இரவில் அந்தப் பூ அவரைத் தூங்க வைக்கவில்லை.

யாருடைய காயம் பதிவாயிற்று

புதுச்சேரியில் இன்னொரு தாளும் உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்ட நம் ஊர் 'சொல்தா'க்களின் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. லால் பகதூர் சாஸ்திரி வீதியில் அவர்களுக்கென்று ஓர் இல்லமே இருக்கிறது. 1992 ஜனவரி 10 அன்று பிரான்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தது. போரால் வரும் மனக்காயத்தை உடற்காயத்தைப் போலவே மதிப்பிட்டு ஓய்வூதியத்தில் சேர்ப்பதற்கான விதிகளை அது வகுத்தது. அந்தக் காயம் பல ஆண்டு கழித்துத் தலைகாட்டலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஒரு சமூகம் தன் வீரனின் தூக்கமின்மையைச் சட்டத்தில் ஏற்றியது பெரிய காரியம். அதே ஊரில், சில தெரு தள்ளி, கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தூக்கமின்மை எந்தப் பேரேட்டிலும் இல்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் எழுதிய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூல் ஈழத் தமிழர்களின் போர்க்காயத்தைப் பதிவு செய்ததைப் போல, நம் மீனவப் பெண்களின் இருபதாண்டு மனக்காயத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் நூல் ஒன்று இங்கே வந்தாக வேண்டும்.

தேடலின் முடிவு

2013-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கு இரண்டு சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று, இ.எம்.டி.ஆர். மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் அது சொன்னது. இ.எம்.டி.ஆரில் நடந்ததை விலாவாரியாக விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுப் பாடமும் இல்லை. "வாய் வராது" என்று சொன்னவருக்கு இது முக்கியமான செய்தி. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளைத் தராதீர்கள் என்றும் அதே வழிகாட்டி எச்சரித்தது. 2020-ல் குய்பர்ஸ் குழுவினர் 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த நோய்க்குக் குறுகிய காலப் பலன் உண்டு, ஆனால் ஆய்வுகளில் பலவற்றின் தரம் குறைவு என்று எழுதினார்கள். மற்ற மனநோய்களுக்கு இதைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்பதும் அவர்கள் கருத்து.

மீன்கார அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சிகிச்சை நெசம்தான்க்கா. ஆனா அந்தப் புள்ளி மட்டும் தனியா சிகிச்சை ஆகாது. பக்கத்துல கத்துக்கிட்ட ஆள் இருக்கணும். நடந்ததை முழுசா சொல்லணும்னு அவங்க கட்டாயப்படுத்த மாட்டாங்க."

"அந்த ஆளு எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

வாசகருக்கும் அரசுக்கும் நான் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்கான பதில். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாருக்காவது ஒரு பழைய நாள் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், முதலில் அந்த எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இ.எம்.டி.ஆர். தருவதாகச் சொல்பவரிடம் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கைபேசிப் புள்ளியைத் தனியே உட்கார்ந்து பார்த்து, கொடிய நினைவைக் கிளறாதீர்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டே பிள்ளைகளைத் தேற்ற முடியும் என்று இலங்கையின் வடகிழக்கு 2009-லேயே நிரூபித்துவிட்டது. கடலோர ஆரம்பச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், குப்பத்துப் பேச்சு தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுங்கள். அடுத்த புயல் கூண்டு ஏறுவதற்குள் அது நடக்க வேண்டும்.